ஒரே அடுப்பில் உண்பவர்கள்

ஆடி மாதம் திருப்பூருக்குத் தெற்கே காற்று ஆளை நிற்கவிடாது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று அது. தாராபுரம் சாலையோரத்துப் பனியன் சந்துகளில் அதற்கு ஒரு கூடுதல் வேலையும் உண்டு. ஓவர்லாக் மிஷின் துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டேதான் தைக்கும். வெட்டுப்பட்ட ஓரத்திலிருந்து பஞ்சு உதிரும். அந்தப் பஞ்சைக் காற்று கிளப்பி, தைக்கிறவர்களின் புருவத்திலும் மீசையிலும் டீ டம்ளரின் விளிம்பிலும் கொண்டுபோய் ஒட்டும். ஆடி முடிகிறவரை அங்கே சின்ன வயதுக்காரர்களுக்கும் கொஞ்சம் நரைத்துத்தான் இருக்கும்.

தண்டாயுதபாணி அப்படி ஒரு சந்தின் கடைசி வீட்டில் பவர் டேபிள் வைத்திருந்தார். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டிக் கட்டுக் கட்டாக அனுப்பும். அதைத் தைத்து, பிசிறு வெட்டித் திருப்பி அனுப்புகிற இடத்துக்குத்தான் பவர் டேபிள் என்று பெயர். துணி கம்பெனியினுடையது. டிசைன் அவர்களுடையது. முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியும் அவர்களுடையதுதான். தையல் மட்டும் இவருடையது. முன்கூடத்தில் வரிசையாக மிஷின்கள். பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டும். வெளியே இரும்புப் படிக்கட்டு ஏறினால் மாடியில் தகரக்கூரை போட்ட ரூம். பங்குனி மாதம் வரை அதில் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடந்தன. இப்போது அவர் மனைவி சுப்புலட்சுமி இருந்தாள்.

இது சந்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். மேலே உட்கார்ந்து பிசிறு வெட்டினால் காற்றோட்டமாக இருக்கும், அதனால்தான் என்று மிஷின்காரர்களிடம் அவரே சொல்லிவைத்திருந்தார். அவள் மேலே தனியாக கேஸ் அடுப்பு வைத்துக்கொண்டதை அவர் சொல்லவில்லை. இருபது வருடமாக இவருடைய பீஸ்களைச் சம்பளமில்லாமல் செக் செய்துகொண்டிருந்தவள், இப்போது வேறொரு கம்பெனியிலிருந்து கட்டு வாங்கிவந்து கூலிக்குப் பிசிறு வெட்டுவதையும் சொல்லவில்லை. தான் மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுவதற்கு, "வாய்க்கு ஒரு மாறுதலா இருக்குதப்பா" என்று காரணம் வைத்திருந்தார்.

மதுமதி வந்தது அந்த ஆடியில் ஒரு முற்பகல். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தலையில் காற்றுக்குப் பயந்து இறுக்கிக் கட்டிய துப்பட்டா. மடத்துக்குளத்துப் பெண். புள்ளியியல் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை.

அட்டையைப் பார்த்ததும் தண்டாயுதபாணி எழுந்துவிட்டார். "ஜிஎஸ்டிங்களா, அம்மணி?"

"ஐயோ, இல்லீங்க சார். சர்வேங்க. ஒவ்வொரு வீட்லயும் என்ன சாப்புடறாங்க, என்ன வாங்கறாங்க, எப்படிப் பொழைக்கறாங்கன்னு கேக்கறது. வரிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. பேரு வெளிய போகாது."

டைலர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்காரி ஒச்சாயி, மடித்த பனியனைக் கீழே வைக்காமலே வாயைத் திறந்தாள். அவள் உசிலம்பட்டிப் பக்கம். "ஏத்தா, என்ன சாப்புடுறோம்னு கேட்டுட்டுப் போயி ரேசன் அரிசிய நிறுத்திப்புட மாட்டீகளே?"

"நிறுத்த மாட்டம்க்கா."

"இப்பிடித்தேன் எங்க ஊர்ல ஒராளு ஆடு எத்தனைன்னு கேட்டான். மறுவாரம் ரெண்டு ஆட்டக் காணோம்."

டைலர்கள் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தாள். "நான் ஆடு திருடமாட்டேங்க்கா. இன்னைக்கு வீட்டை மட்டும் எண்ணிட்டுப் போறேன்."

வீட்டை எண்ணுவது என்றால் கதவை எண்ணுவது என்று தண்டாயுதபாணி நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று மதுமதி சொன்னாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதில் ஒரு ஆசை உண்டு. எத்தனை வாசல் இருந்தாலும், எத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழே படுத்தாலும் அது கணக்கில்லை. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ, அவர்கள்தான் சர்க்கார் கணக்கில் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்து தனித்தனியாகப் பொங்கினால் இரண்டு குடும்பம். உறவே இல்லாத நாலு பேர் ஒரு ரூம் பிடித்துச் சேர்ந்து ஆக்கித் தின்றால் ஒரே குடும்பம்.

"அப்ப ஒடிசாக்காரங்க அஞ்சு பேரும் ஒரே குடும்பமா?" ஒச்சாயி மிஷின்காரர்களைப் பார்த்துக் கேட்டாள். "யாருய்யா அதுல பொண்டாட்டி?"

மறுபடி சிரிப்பு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மதுமதி இவரைப் பார்த்துக் கேட்டாள். "உங்க வீட்ல ஒரே அடுப்புல எத்தனை பேருங்க சார்?"

"ரெண்டு பேருங்க. நானும் எங்கூட்டுல இருக்கறவங்களும். புள்ளை தரணியை உடுமலையில கட்டிக் குடுத்துட்டம்."

மதுமதி டேப்லெட்டைத் தொடப் போனாள். வாசலில், இரும்புப் படிக்கட்டின் கடைசிப் படியில், தோளில் கட்டோடு சுப்புலட்சுமி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு அடுப்புங்க, அம்மணி" என்றாள். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. கடையில் சில்லறை சரியில்லை என்று சொல்கிற குரல்தான். "கீழ ஒண்ணு. மேல ஒண்ணு. கீழ பத்த வைக்கறதில்லை. அவிங்க மெஸ்ஸுல சாப்புடறாங்க."

ஓவர்லாக்காரர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். மற்ற மிஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஒச்சாயிகூடக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதலைப் பார்த்ததும் தண்டாயுதபாணிக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அவர் சொல்லிவைத்த காற்றோட்டத்தை அவருக்காகத்தான் நம்பியிருக்கிறார்கள்.

"சரிங்கம்மா" என்று மதுமதி மெதுவாகச் சொன்னாள். "அப்ப ரெண்டு குடும்பம். குடும்பத்துக்கு ஒருத்தர்." பிறகு சுண்ணாம்புக் கட்டியால் கீழ்க்கதவில் ஒரு எண்ணும், மாடிப் படியில் அடுத்த எண்ணும் எழுதிவிட்டுப் போனாள்.

*

நடந்தது இதுதான். பங்குனியில் சுப்புலட்சுமியின் அம்மா சென்னிமலையில் இறந்துபோனார். அது வெள்ளிக்கிழமை. அன்று ராத்திரி தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் ஏற வேண்டும். தண்டாயுதபாணியிடம் இருந்த கட்டுகள் முடிந்தால்தான் பெட்டி நிறையும். கம்பெனி மேனேஜர் மணிக்கொருதரம் போன் செய்தார். "நீ முன்னால போ, நான் கட்டை முடிச்சுட்டு வந்தர்றேன்" என்று மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அவர்கள் உறவில், பெண் எடுத்த வீட்டில் சாவு என்றால் மருமகன் கோடித்துணியோடு போய், எடுக்கும் முன் உடல்மேல் போர்த்த வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தது மறுநாள். பாடை போய், வாசல் கழுவி, கழுவிய ஈரமும் காய்ந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சினன் காபி கொண்டுவந்து கொடுத்து, "உடம்பு எப்படிங்க மாப்பிள்ளை, தேவலைங்களா?" என்றான். அங்கிருந்த பெரியவர்களும் அதையே கேட்டார்கள். குத்திக் காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மனைவியோடு திரும்பி வருகிற வழியெல்லாம் பேசாமல் வந்து, வீட்டுக்குள் கால் வைத்ததும் கத்தினார். "உங்க ஊட்டாளுகளுக்கு நக்கல் வேற! உடம்பு தேவலையாம்ல, உடம்பு? பொழப்பு நடத்தறவனுக்குத்தான் தெரியும்!"

சுப்புலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அவர் விடவில்லை. மறுநாள் காலையில் மேலே ஏறி வேஸ்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே உருட்டிவிட்டாள்.

கோபம் தணிந்தால் இறங்கிவிடுவாள் என்று அவர் இருந்தார். சித்திரை போனது. வைகாசி விசாகத்துக்கு அவள் தனியாக மலையேறிக் கும்பிட்டு வந்தாள். இப்போது சுண்ணாம்பில் இரண்டு எண்கள் விழுந்துவிட்டன. அவள் இறங்கி வருவாளா, மாட்டாளா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை.

*

அடுத்த வாரம் மதுமதி வந்து, மேல்வீடு தேர்வாகியிருக்கிறது என்றாள்.

"ஊருல இருக்கற எல்லா வீட்லயும் கேக்க முடியாதுங்க சார். அதனால எல்லாத்தையும் எண்ணிட்டு, குலுக்கல் மாதிரி சிலதை எடுப்போம். அம்மா வீடு வந்திருக்குது. மூணு மாசம், மாசம் ஒருதடவை வருவேன். மொதல்ல சாப்பாட்டுச் சாமான். அப்பறம் சோப்பு, கரண்ட், ஆஸ்பத்திரி. கடைசியில துணிமணி, பாத்திரம்."

"என்னைக் கேக்க மாட்டீங்களா?"

"உங்க வீடு வரலீங்களே சார்."

அவர் டீ சொன்னார். டீ வந்தது. பஞ்சு விழாமல் மதுமதி டம்ளரைக் கையால் மூடிக்கொண்டாள். போகிற அவசரம் அவளுக்கு இல்லை.

"கேக்காத வீட்டையெல்லாம் அப்படியே உட்டர்றதா?"

"விடறதில்லீங்க. அம்மா ஒருத்தங்க சொல்றது அவங்களுக்கு மட்டும் இல்லீங்க. அவங்களை மாதிரி இருக்கற நூத்துக்கணக்கான வீட்டுக்கும் சேர்த்துத்தான் எடுத்துக்குவோம். இந்த வீடு இத்தனை வீட்டுக்குச் சமம்னு ஒரு எடை போடுவாங்க."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குப் பதிலா வேற எங்கியாவது யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாருங்க."

தண்டாயுதபாணி அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். அவிநாசிபாளையத்திலோ காங்கயத்திலோ ஒரு ஆள் மெஸ் சாப்பாட்டைத் தின்றுவிட்டு வந்து, இவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் யார், எப்படி இருப்பான், அவன் வீட்டில் என்ன நடந்தது, ஒன்றும் தெரியாது.

"திருப்பூருக்கு இவ்வளவு வருமானம்னு பேப்பருல போடறாங்களே, அது இப்படித்தானா?"

மதுமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதை யாரும் அவளிடம் கேட்பதில்லை. ஒரு பனியனைக் கையில் எடுத்தாள். "அது வேற வழிங்க சார். இந்தப் பனியன் இருக்குதுங்களா? பருத்தி வெளைஞ்சப்ப ஒரு வெலை. நூலானப்ப ஒரு வெலை. துணியாச்சு, சாயம் போட்டாங்க, வெட்டுனாங்க, நீங்க தைச்சீங்க. கடைசி வெலையை எல்லாரும் என்னுதுன்னு சொன்னா, ஒரே பனியனை ஆறுதடவை எண்ணுன மாதிரி ஆயிரும். அதனால ஒவ்வொரு கையும் புதுசாச் சேர்த்தது எவ்வளவோ அதை மட்டும் எடுப்பாங்க. உங்க தையல் கூலி வருதுங்களா, அதுல கோன் நூல், ஊசி, எண்ணெய், கரண்ட் இதெல்லாம் போக மிச்சம். அதுதான் நீங்க திருப்பூருக்குச் சேர்த்தது. அதுலதான் டைலர் சம்பளமும் இருக்குது, உங்க லாபமும் இருக்குது."

"அந்த ஒடிசாக்காரரு ஊருக்கு அனுப்பிப் போடறாரே?"

"தைச்சது இங்க. அதனால உற்பத்தி திருப்பூர்ல. அங்க அவரு வீட்டுக்காரம்மா அதுல அரிசி வாங்குனா, அந்தச் செலவு அந்த ஊர்க் கணக்குல. ஒரு மனுசன் ரெண்டு ஊர்ல இருப்பாருங்க, கணக்குல."

"இவங்க" என்று அவர் தலையை மேல்பக்கம் அசைத்தார். பெயரைச் சொல்லவில்லை. "இத்தனை வருசம் எனக்குச் செக்கிங் பாத்தாங்க. அது?"

"சம்பளம் குடுத்தீங்களா சார்?"

"ஊட்டு ஆளுக்கு யாருங்க சம்பளம் குடுப்பா?"

"அப்ப அவங்க செஞ்சது உங்க லாபத்துக்குள்ள கலந்திருக்கும். தனியாத் தெரியாது. வேலை செஞ்சாங்கன்னு எண்ணுவோம், வருமானம் அவங்க பேருல வராது. இப்ப கூலிக்கு வெட்டறாங்க இல்லீங்களா? இப்பத்தான் முதல் தடவையா அவங்களுக்குன்னு ஒரு வருமானம்." மதுமதி நிறுத்தாமல் போனாள். "இன்னொண்ணு வேடிக்கைங்க சார். அம்மா வீட்ல சமைச்சப்ப அரிசி பருப்பு வெலை மட்டும்தான் கணக்கு. அவங்க சமையலுக்கு வெலை இல்லை. நீங்க மெஸ்ஸுல சாப்பிட்டா, மாஸ்டர் சம்பளம், மெஸ்காரர் லாபம் எல்லாம் மாவட்ட வருமானத்துல சேரும்."

"எங்கூட்டு அடுப்பு பிரிஞ்சதுல திருப்பூருக்கு வருமானம் ஏறிப்போச்சு."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். மதுமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டம்ளரை வைத்துவிட்டு, "நான் அப்படிச் சொல்ல வரலீங்க" என்று படியேறிப் போனாள்.

அன்று மேலே நடந்தது எதுவும் கீழே கேட்கவில்லை. எட்டு மிஷின் ஓடுகிற கூடத்தில் மேலே இடி விழுந்தாலும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். சுப்புலட்சுமி வெகுநாள் கழித்து ஒருவரிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக அவள் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

*

மாதத்தில் ஒரு நாள் மின்வாரியத்தில் பராமரிப்பு என்று பகல் முழுவதும் கரண்டை நிறுத்துவார்கள். ஆவணியில் அந்த நாள் பார்த்து மதுமதி வந்தாள். வந்தது இரண்டாவது சுற்றுக்கு. முதல் சுற்றுச் சாப்பாட்டுக் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருந்ததால், அதையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. டைலர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். தண்டாயுதபாணி படிக்கட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டுப் பேட்லாக் தையல் மிஷினின் கொக்கியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மிஷின் நின்ற வீட்டில் சத்தத்துக்குத் தடையில்லை. பேச்சு தகரத்தில் பட்டுப் படிவழியாக அப்படியே இறங்கி வந்தது.

"தேங்கா ஒண்ணுமே இல்லீங்களேம்மா? கொங்கு நாட்ல தேங்காயில்லாத வீட்டை இப்பத்தான் பாக்கறேன்."

"ஒத்தை ஆளுக்கு ஒடைச்சா மிச்சம் கெட்டுப்போகுதுங்க, அம்மணி. ரெண்டுதடவை தூக்கிப் போட்டேன். அப்பறம் ஒடைக்கறதில்லை."

"கறி, மீன்?"

"கால்கிலோ வாங்க வெக்கமா இருக்குதுங்க. கடைக்காரன், என்னக்கா ஊட்ல யாரும் இல்லியாம்பான்."

"காலையில என்ன, ராத்திரிக்கு என்னங்க?"

"காத்தால அரிசிம்பருப்பு வெச்சேன்னா அதுதான் ராத்திரிக்கும். சூடு பண்ணக்கூட மனசு வராது. யாரு பாக்கறாங்க?"

தண்டாயுதபாணி கொக்கியைக் கையில் வைத்தபடி இருந்தார். அரிசிம்பருப்புச் சோற்றில் அவளுக்குக் கை நிறையத் தேங்காய் வேண்டும், நெய் வேண்டும். அது தனக்குத் தெரிகிறது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இந்த முப்பது நாள்ல வெளியாளுக யாருக்காவது சாப்பாடு குடுத்தீங்களாம்மா? விருந்தாளி, வேலையாளு?"

"கீழ அவிங்களுக்குக் காய்ச்சலா இருந்துச்சு. ரசஞ்சோறு கரைச்சுக் கதவுகிட்ட வெச்சுட்டு வந்தேன். நாலு நேரம் இருக்குமுங்க."

"அது..." மதுமதி தயங்கினாள். "அவரு வேற குடும்பமா எண்ணியிருக்கறதுங்கறதால, வெளியாளுக்குக் குடுத்ததுலதான் வருமுங்கம்மா."

"அவரு என்ன, விருந்துக்கு வந்த ஒரம்பரையா?" சுப்புலட்சுமியின் குரலில் ஒரு கீறல் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, "ஒரம்பரைன்னே போட்டுக்கங்க" என்றாள்.

காய்ச்சலில் கிடந்த அந்த நாட்களில் கதவருகே வைத்த தூக்குப்போசியை அவர் காலி செய்து, கழுவி, படியில் வைத்திருந்தார். நன்றாயிருந்தது என்று சொல்லலாமா என்று யோசித்தது ஞாபகம் வந்தது. சொன்னால் வாய் திறந்ததாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

*

புரட்டாசியில் காற்று அடங்கி, புழுக்கம் வந்தது. மதுமதி கடைசிச் சுற்றுக்கு வந்தபோது கூடத்தில் வேலை மும்முரம். மறுபடி ஒரு ஷிப்மென்ட். குழந்தைகள் போடுகிற டீ-ஷர்ட். மாலைக்குள் வண்டி வரும். மேனேஜர் போன் தண்டாயுதபாணியின் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னையோட முடிஞ்சுதுங்க சார். இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மதுமதி படியேறினாள்.

மேலே கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. எட்டு மிஷினும் அலறிக்கொண்டிருந்தன. தண்டாயுதபாணி கட்டு பிரித்தார், எண்ணினார், எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணினார். வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். ஜன்னலில் அந்தக் கை தெரிந்தது. ஆடவில்லை. மடியில் கிடந்தது.

அவர் உள்ளே வந்து, சுவரோரம் போய், மிஷின் லைனின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

மிஷின்கள் இறங்குகிற குரலில் முனகி நின்றன. "கரண்ட் கயா?" என்றார் ஒடிசாக்காரர்.

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். "கரண்டு எங்கண்ணே போச்சு? நீங்கதேன ஆஃப் பண்ணுனீக."

"சித்த நேரம் இரு, ஒச்சாயி."

"வண்டி வருதுன்னு ரெண்டு நாளாக் கழுத்தறுத்தீக. பீஸ் ரேட்டுக்காரவுக கையக் கட்டிக்கிட்டு இருந்தா ஆருண்ணே குடுப்பா?"

"நான் குடுக்கறேன். பேசாம இரு."

ஒச்சாயி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "வாங்கய்யா, டீத்தண்ணி குடிச்சு வருவோம். மொதலாளி வாங்கித் தாராராம்" என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

மேலே சுப்புலட்சுமி பாதிப் பேச்சில் நிறுத்தியிருந்தாள். மிஷின் லைன் வேறு, வீட்டு லைன் வேறு. அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள் என்பது, "ஃபேன் ஓடுதே?" என்ற குரலில் கீழே தெரிந்தது.

"என்னங்கம்மா?"

"ஒண்ணுமில்லீங்க, அம்மணி. நீங்க கேளுங்க."

கேள்விகள் வரிசையாக வந்தன. செருப்பு, ஒரு ஜோடி. பாத்திரம், ஒரு குக்கர், சின்னது. படுக்கை, ஒரு பாய். எல்லாம் ஒன்று ஒன்றாகவே இருந்தது.

"சேலைங்கம்மா? போன புரட்டாசியில இருந்து இந்தப் புரட்டாசி வரைக்கும்."

"ஒண்ணே ஒண்ணு வாங்குனேன். சென்னிமலையில, சொசைட்டிக் கடையில. பங்குனி மாசம்."

"உங்களுக்குங்களா?"

சுப்புலட்சுமி பதில் சொன்னபோது குரல் முன்பைவிடக் கொஞ்சம் ஓங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை.

"எங்கம்மாளுக்கு. கோடிங்க. எடுக்கற நேரமாகியும் எங்கூட்டுக்காரரு வந்து சேரலை. எல்லாரும் ரோட்டையே பாத்துட்டு நிக்கறாங்க. தெனமும் ஆயிரக்கணக்குல துணி தைச்சு அனுப்பறவரு, மாமியா மேல போர்த்த ஒரு துணி கொண்டாரலைன்னு நாலு பேரு பேசறதுக்கு முன்னால, நான் பின்கட்டு வழியா ஓடிப் போய் ஒரு சேலை வாங்கியாந்தேன். அவிங்களுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது, எந்திரிக்க முடியலை, கோடியைக் குடுத்து உட்டிருக்காங்கன்னு எங்கண்ணங்கிட்டச் சொன்னேன். அவிங்க பேரைச் சொல்லித்தான் போர்த்துனாங்க."

கீழே தண்டாயுதபாணி சுவிட்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு எப்படிங்க மாப்பிள்ளை. தேவலைங்களா. காபி டம்ளரோடு நின்ற மச்சினனின் முகத்தை இப்போது முழுசாகப் பார்த்தார். அதில் நக்கல் இருந்ததே இல்லை. அந்த முகத்தை வைத்துத்தான் அவர் வீடு வந்து கத்தினார்.

"அப்பறம் சார்கிட்டச் சொன்னீங்களாம்மா?" மதுமதியின் கேள்வி எந்தச் சுற்றிலும் இல்லாத கேள்வி.

"சொல்ல வந்தேன். சொல்ல உடலை."

மதுமதி கணக்குக்குத் திரும்பினாள். "அது உங்க கணக்குல வராதுங்கம்மா. அடுத்தவங்களுக்குக் குடுத்ததை உங்க செலவுல போடக்கூடாது. உங்களுக்குச் சேலை... இல்லைன்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கங்க."

*

மதுமதி இறங்கி வந்தபோது தண்டாயுதபாணி சுவிட்சுப் பலகை அருகிலேயே நின்றிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல், "வர்றேங்க சார்" என்று ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு இருந்திருக்கும். மேலே ஜன்னலில் சுப்புலட்சுமி, ஸ்கூட்டி சந்து திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இனி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க அந்தப் படியில் யாரும் ஏற மாட்டார்கள்.

டைலர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் சுவிட்சைப் போடவில்லை. ஒச்சாயிதான் எழுந்துபோய்ப் போட்டாள். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்கு மத்தியானம் வண்டி அனுப்புங்க" என்றார். மேனேஜர் கத்தினார், பில்லில் பிடிப்பேன் என்றார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். பிறகு, சரி, மத்தியானத்துக்கு மேலே ஒரு நிமிடம் ஆகக் கூடாது என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். தண்டாயுதபாணி வெகுநேரம் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மிஷின்கள் நின்று, ஆட்கள் போனதும், அவர் இரும்புப் படியில் ஏறினார். பங்குனிக்குப் பிறகு முதல்முறை. பாதி ஏறியதும் நின்றுவிட்டார். மேலே கதவு திறந்திருந்தது. சுப்புலட்சுமி வாசலில் உட்கார்ந்து, மடியில் துணிக்கட்டை வைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவருக்குச் சொல்ல வேண்டியது மலையளவு இருந்தது. எந்த முனையிலிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை.

"மத்தியானம் என்ன சாப்ட்டே?" என்றார்.

கத்தரி ஒரு இழையின்மேல் நின்றது. "எதுக்குங்க?"

"சும்மா. கேட்டேன்."

"தயிருஞ்சோறு."

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்லைங்க."

இவர் என்ன சாப்பிட்டார் என்று அவள் கேட்பாள் என்று நின்றார். அவள் கேட்கவில்லை. வெட்டிய பீஸை மடித்து வலப்பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"இன்னைக்கு வண்டி போகலீங்களா?" என்றாள்.

"இல்லை. நாளைக்குப் போகும்."

"கம்பெனில ஒத்துக்கிட்டாங்களா?"

"கத்துனாங்க. அப்பறம் சரின்னுட்டாங்க."

சுப்புலட்சுமி அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. தூரத்தில் போகிற பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி.

"அன்னைக்கும் நாளைக்குப் போயிருக்குமுங்க."

அவள் கட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். காற்று இல்லாததால் அவை பறக்காமல் படியில் இவர் காலடிப் பக்கமே விழுந்தன. எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

உள்ளே அரிசி அளக்கிற சத்தம் கேட்டது. ஆழாக்கு அரிசியில் விழுந்தது, வழித்தது, பாத்திரத்தில் கொட்டியது. ஓர் ஆளுக்கு அது போதும். தண்டாயுதபாணி படியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆழாக்கு விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.